மாப்பிள்ளை மூட்டை

அன்று காலை நெஞ்சு டாக்டரின் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், பவுடர் கம்பெனியின் லேபிலிருந்து நீலக் கோப்போடு வந்திருந்த மேடம், மூச்சு வாங்கியதால் நாற்காலி நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, அக்காவின் மகள், மகளின் மடியில் ஏழு மாதக் குழந்தை, கதவோரம் நின்றுகொண்டிருந்த தம்பி. உட்கார இன்னொரு நாற்காலி இருந்தது. அவன்தான் உட்காரவில்லை.

கம்பெனியில் அவனை ஊசி என்பார்கள். ஒல்லியான ஆள் என்பதால் அல்ல. தொப்பை உண்டு. மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசி அவன் கையில் இருந்ததால் வந்த பெயர் அது. முழ நீள இரும்புக் குழாய், ஒரு பக்கம் வெட்டிய வாய். மூட்டையின் வயிற்றில் குத்தி, ஒரு திருப்புத் திருப்பி இழுத்தால் ஒரு கைப்பிடி தூள் வரும். சுரங்கத்திலிருந்து அரைத்து வரும் டால்க் கல்தூள்; தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். ஒவ்வொரு லோடிலும் பத்து மூட்டைக்கு ஒன்றைக் குத்தி, எடுத்ததைக் கலந்து, பொட்டலம் கட்டி, எண் போட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். லேப் சரி என்றால்தான் தூள் உள்ளே போகும், வாசனை சேரும், டப்பாவில் அடையும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த ஒரு சோற்றை இருபத்து நான்கு வருடமாகப் பொறுக்கி எடுத்தவன் அவன்.

அக்காவுக்குப் புனல் வேலை. மேலிருந்து இறங்கும் தூள் புனலில் கட்டிக்கொள்ளாமல் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூக்கைச் சுற்றி ஒரு துணி. பத்தொன்பது வருடம் தட்டினாள். சாயங்காலம் வெளியே வரும்போது இமை முடிகூட வெள்ளையாக இருக்கும். "எனக்கு நரை விழுந்தா எமனுக்கே தெரியாது" என்பாள்.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"மறுபடியும் தண்ணி சேர்ந்திருக்கும்மா. ரெண்டு தடவை எடுத்தாச்சு. அஞ்சு மாசமா டிபி மாத்திரை சாப்பிடறீங்க. தண்ணியில டிபி கிருமி எதுவும் கிடைக்கல, மாத்திரைக்கும் கேக்கல."

"கேக்குது சார். போன மாசத்துக்கு இந்த மாசம் தேவலை," என்றாள் அக்கா. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு எடுத்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நுரையீரலைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுல சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தாத்தான் இது என்னன்னு தெரியும். அதைத்தான் ரெண்டு மாசமாச் சொல்றேன்."

"நானும் ரெண்டு மாசமா வேணாம்னு சொல்றேன்."

வேணாம் என்பதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரரைச் சின்ன ஆபரேஷன் என்றுதான் அழைத்துப் போனார்கள். குடலிறக்கம். காலையில் போனவர் சாயங்காலம் துணி மூடி வந்தார். அதற்கப்புறம்தான் தம்பி பேசி அவளைப் புனலில் சேர்த்தான். கத்தியைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் கை நடுங்கும். கடைசியில் ஒரு வழிக்கு வந்திருந்தாள். டாக்டர் விடாமல் கம்பெனித் தூளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்ததால், தூளில் கோளாறு என்று கம்பெனிக் காகிதமே சொன்னால் படுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் யாரும் கத்தியோடு பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அந்தக் காகிதம்தான் நீலக் கோப்பில் இருந்தது.

"டால்க் தனியா என்ன செய்யும், எவ்வளவு செய்யும்ங்கறதுல இன்னும் பேச்சு ஓடிட்டிருக்கு," என்றார் டாக்டர் மேடத்தைப் பார்த்து. "எனக்கு வேண்டியது அது இல்ல. சில இடத்துல அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே கல்நாரும், அதான் ஆஸ்பெஸ்டாஸ், கிடக்கும். வெட்டும்போது சேர்ந்து வந்துடும். கல்நார் விஷயத்துல பேச்சே இல்ல. அது நுரையீரல் உறைக்கு என்ன பண்ணும்னு எல்லாருக்கும் தெரியும். உங்க தூள்ல அது இருந்துச்சா?"

மேடம் கோப்பைத் திருப்பினாள். ஆறு வருடத்துக்கு முன் சேர்ந்தவள், ஒழுங்கானவள். காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கியிருந்தாள். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளி லேபுக்கு அனுப்பறோம் சார். பதினாறு வருஷத்து ரிப்போர்ட் இருக்கு. ஒண்ணுல கூட நார் இல்ல."

"ஒண்ணுல கூட?"

"ஒண்ணுல கூட. நிறம் சரியில்லன்னு கூட ஒரு லோடு திரும்பினது இல்ல." பிறகு கதவோரம் கையைக் காட்டினாள். "சாம்பிள் எடுக்கறதே இவங்க தம்பிதான் சார். சொந்த அக்கா மூக்குக்குப் போற தூளு. ஏனோதானோன்னு எடுப்பாரா?"

டாக்டர் அவனைப் பார்த்தார். "நீங்களா எடுக்கறது?"

"ஆமா சார்."

"எல்லா லோடும்?"

"எல்லாம் நான்தான்."

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். பொய்யாக ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். "பிடிச்சுக்க ஒரு நூலு நுனிகூடக் கிடைக்காம வற்புறுத்த முடியாது. மாத்திரையை இன்னும் ரெண்டு மாசம் தொடரலாம். அப்புறம் பார்ப்போம்." அப்புறம் என்று அவர் சொன்ன விதத்தில் அப்புறம் இல்லை. அவனுக்கு அது கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் முகம் தேர்வில் தப்பித்த பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது.

மாப்பிள்ளை மூட்டை பதினாறு வருடத்துக்கு முன்னால் பிறந்தது.

அந்த வருடம் ஒரு லோடு சாம்பல் நிறமாக வந்தது. முறைப்படி குத்தினான், முறைப்படி பொட்டலம் கட்டினான். லேப் திருப்பி அடித்தது. அடுத்த லோடும் அப்படியே. டப்பா அடைக்கும் லைன் எட்டு நாள் நின்றது. லைன் பெண்கள் காலையில் வந்து கேட்டில் நின்று, அவன் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். "உன் ஒரு கரண்டித் தூளால பன்னெண்டு வீட்டு அடுப்பு அணைஞ்சிருச்சுடா," என்றாள் அக்கா. அதற்கப்புறம் எட்டு நாளும் அவனோடு பேச்சில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஃபோர்மேன் அவன் தோளில் கை போட்டார். பேச்சில் சர்க்கரை, வேலையில் சாணக்கியன். "போட்டோ எடுக்கப் போறப்ப கிழிஞ்ச சட்டையாடா போட்டுட்டுப் போவே? நல்ல லோடுலேருந்து ஒரு மூட்டையைத் தனியா வை. குத்தறதை அதுலயே குத்து. தூளு முகத்துல பூசத்தான், கண்ணால பார்த்து ரசிக்க இல்ல. நிறம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா யாரு சாகப் போறா?"

எடைத் தராசுக்குப் பின்னால், தரையில் படாமல் ஒரு பலகைமேல், பிளாஸ்டிக் போர்த்தி அந்த மூட்டை உட்கார்ந்தது. வேலையே செய்யாமல் மரியாதையோடு உட்கார்ந்திருந்ததால் மாப்பிள்ளை மூட்டை என்று பெயர் விழுந்தது. தீரத் தீர வேறு நல்ல லோடிலிருந்து வேறு மாப்பிள்ளை வந்தார். லாரி வரும், மூட்டை இறங்கும், அவன் ஒப்புக்கு நாலு மூட்டையைத் தட்டிப் பார்ப்பான், பிறகு தராசுக்குப் பின்னால் போவான். லைன் அதற்கப்புறம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பெண்கள் அவனைக் கண்டால் சிரித்தார்கள். "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று கிண்டல் செய்தார்கள். அக்காவும் கேட்டிருக்கிறாள்.

நிறத்துக்காக வைத்த மூட்டை. அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் பொட்டலத்தில் 'நார்ப் பரிசோதனைக்கு' என்று அவன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவன்தான். முதல் தடவை எழுதும்போது ஃபோர்மேனிடம் கேட்டான். "கல்லுல ஏதுடா நார்? அது என்ன வாழை மரமா, உரிக்க?" என்றார் அவர். அவனும் சிரித்தான். நல்ல ஜோக் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பத்து வருடத்துக்கு முன் புதுச் சுரங்கத்திலிருந்து லோடு வரத் தொடங்கியபோது, சாக்கின் உள்புறம் மினுமினுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தான். விரலால் நசுக்கினான். தூளாகவில்லை. பஞ்சு மாதிரி பிரிந்து பிரிந்து நின்றது. கல் பஞ்சாகாது என்பது அவனுக்குத் தெரியும். குழாயடிக்குப் போய் சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவினான். கழுவிவிட்டு வந்து, தராசுக்குப் பின்னால் போய், மாப்பிள்ளை மூட்டையைக் குத்தினான். அவன் கையைக் கழுவினான். அக்கா புனலைத் தட்டினாள். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மூவரும் குழந்தையோடு ஆட்டோவில் திரும்பினார்கள். அக்கா வழி முழுக்கப் பேசினாள். மூச்சு முட்டினாலும் விடவில்லை. "இவ்வளவு நாளா அந்த மனுஷன் என்னைப் பயமுறுத்திட்டான். கத்தி வச்சிருக்கறவனுக்குப் பார்க்கறதெல்லாம் வெண்டைக்கா."

"ஒரு தடவை எடுத்துப் பார்த்துட்டா தப்பில்லையேக்கா," என்றான் அவன்.

"நீயுமாடா? பதினாறு வருஷத்து ரிப்போர்ட் சொல்லுது. நீ எடுத்த தூளுதானே. உன்மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

அவன் வெளியே பார்த்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவனுக்கு வழி சீக்கிரம் முடிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

அக்கா வீடு இரண்டாவது மாடி. இருபத்தாறு படிக்கு நான்கு முறை உட்கார்ந்தாள். உள்ளே ஒரு கூடம், ஒரு சமையலறை, பால்கனியில் கொடி. கம்பெனியில் நசுங்கிய டப்பாக்களைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்த வீட்டில் பவுடருக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முகத்துக்கு, அக்குளுக்கு, ஷூவுக்குள், கேரம் போர்டில், கிறீச்சிடும் கட்டில் மூட்டில். குழந்தை பிறந்ததும் அதன் கழுத்து மடிப்பில், தொடை இடுக்கில். டாக்டர் தூளைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து மகள் எல்லா டப்பாவையும் பையில் கட்டிப் பரணில் போட்டிருந்தாள்.

அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள். அக்கா சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தாள். அவன் தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருந்தான். இப்போது சொல்லலாம் என்று நினைத்தான். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தான். மேடத்திடம் முதலில் சொல்லிவிட்டு வந்து சொல்லலாம் என்றும் நினைத்தான். அதில் தேதி இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

மகள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து பாயில் கிடத்தினாள். ஸ்டூலில் ஏறினாள். பரணிலிருந்து பையை இழுத்தாள்.

"என்னம்மா தேடறே?" என்றான்.

"பவுடர் மாமா. ரெண்டு மாசமா இல்லாம கழுத்தெல்லாம் வேர்க்குரு. அதான் சுத்தம்னு சொல்லிட்டாங்களே."

டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினாள். வெயில் விழுந்த இடத்தில் வெண்புகை எழுந்து நின்றது. குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. தும்மியது. மகள் சிரித்தாள்.

அவன் எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டான். பிடுங்கிய வேகத்தில் மீதித் தூள் அவன் சட்டையெல்லாம் கொட்டியது.

"என்ன மாமா?"

"துடைச்சிடு. ஈரத் துணியால துடை. குழந்தையை அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போ."

"எதுக்கு?"

"போம்மா, சொல்றேன்."

அக்கா தலையணையிலிருந்து நிமிர்ந்திருந்தாள். "டேய், என்னடா?"

"ரிப்போர்ட் பொய்க்கா."

"அந்தப் பொண்ணு பொய் சொல்லுதா?"

"அது பொய் சொல்லல. அதுக்குத் தெரியாது. லேபுக்குப் போனதெல்லாம் மாப்பிள்ளை மூட்டை. வெளி லேபுக்குப் போனதும் அதான். உன் புனலுக்கு வந்த தூளை ஒருத்தரும் பார்க்கல. பதினாறு வருஷமா ஒருத்தரும் பார்க்கல."

அக்காவின் மூச்சு கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பதுபோல அது வந்தது.

"மாப்பிள்ளை நிறத்துக்குத்தானே?" என்றாள். "வெள்ளையா இருக்கணும்னு காட்டத்தானே வச்சீங்க? எங்ககிட்ட அப்படித்தானே சொன்னீங்க?"

"அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"அப்புறம்?"

அவன் சாக்கில் ஒட்டியிருந்ததைச் சொன்னான். நசுக்கியதைச் சொன்னான். குழாயடியைச் சொன்னான். இரண்டு தடவை கழுவியதையும் சொன்னான். சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத விஷயம்தான். ஆனால் அதை விட்டுவிட்டுச் சொன்னால் மற்றதெல்லாம் மறுபடியும் சாம்பிள் ஆகிவிடும் என்று தோன்றியது.

மகள் சமையலறை வாசலில் குழந்தையோடு நின்று கேட்டாள். ஈரத் துணியால் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில அந்த ரூம்ல நின்னியே," என்றாள் அக்கா. "அவரு உன்னைக் கேட்டாரே. வாய் இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"நான் சந்தோஷமா வந்தேன். ஆட்டோல வாய் மூடாம பேசிட்டு வந்தேன். அதையும் கேட்டுட்டு வந்தே."

"ஆமா."

"லைனை நிறுத்தினப்ப உன்னைத் திட்டினது நான்தான். அதை மறக்கல. எட்டு நாள் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

"அதுக்காகத்தான்க்கா..."

"நிறுத்து. அதை என் தலையில வைக்காதே. நாங்க கேட்டது வேலை. மூட்டையை மாத்தச் சொல்லல. நாங்க தூளுக்குள்ள உக்காந்திருந்தோம், வெளியே நின்னு பார்க்க ஒருத்தன் இருக்கான்னு நினைச்சோம். அதுவும் என் தம்பின்னு."

இருமல் வந்தது. நீளமான இருமல். மகள் ஓடி வந்து முதுகைத் தடவினாள். அவனும் ஒரு அடி எடுத்து வைத்தான். அக்கா இருமிக்கொண்டே கையை நீட்டி அவனை அங்கேயே நிறுத்தினாள்.

அடங்கியதும் மகளிடம், "டாக்டருக்குப் போன் போடு. போட்டு உன் மாமாகிட்ட கொடு," என்றாள்.

டாக்டர் எடுத்தார். அவன் முதலிலிருந்து சொன்னான். குரல் லோடு விவரம் படிப்பதுபோல வந்தது. டாக்டர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்றார்.

"தர்றேன் சார்."

"மூணு மணிவரைக்கும் இருக்கேன். வாங்க. உங்க அக்காவை நாளைக்குக் காலையில சேர்த்துடுங்க, துண்டு எடுத்துடலாம். இதனாலதான் வந்துச்சான்னு நான் இப்ப சொல்ல முடியாது. நோய் என்னன்னு பார்த்தப்புறமும் உங்களுக்கு அந்தப் பதில் கிடைக்காமப் போகலாம். ஆனா அஞ்சு மாசம் போயிருக்க வேண்டாம். அப்புறம், வீட்டுல குழந்தை இருந்துச்சே. அதுக்கு எந்தப் பவுடரும் வேணாம். நார் இல்லாத பவுடரே மூச்சோட போனா ஆகாது."

போனை மகளிடம் கொடுத்தான். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். நாளைக்குச் சேர வேண்டும் என்ற இடத்தில் அக்கா தன் கையைப் பார்த்தாள். அது நடுங்கியது. இன்னொரு கையால் அதைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

"சரி. படுத்துக்கறேன்," என்றாள்.

"நாளைக்கு நான் காலையிலயே வந்துடறேன்க்கா. ஆட்டோ எடுத்துட்டு..."

"நீ வராதே. நானும் என் பொண்ணும் போய்க்கறோம். நீ இப்ப போய் எழுதிக் கொடு. பஞ்சு மாதிரி பிரிஞ்சுதுன்னு சொன்னியே, அதையும் எழுது. அதை விட்டுடுவே, உன்னை எனக்குத் தெரியும்."

"எழுதறேன்."

"எழுதிட்டு, லைன்ல இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. ரெண்டு பேர் வேலையை விட்டுப் போயிட்டாங்க, அவங்க வீடும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போ. மேடத்தை அனுப்பாதே. கடுதாசி போடாதே. போய் வாசல்ல நின்னு வாயால சொல்லு."

அவன் தலையாட்டினான். சட்டையைத் தட்டப் போனவன், தட்டினால் தூள் பறக்கும் என்று கையை இறக்கிக்கொண்டான். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. "அக்கா, என்னை..."

"அதெல்லாம் கேக்காதே. பதில் சொல்ல எனக்கு இப்ப மூச்சு இல்ல."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். மகள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கதவுவரை வந்தாள். எப்போதும் பார்த்துப் போங்க மாமா என்பாள். அன்று சொல்லவில்லை. அவன் முதல் படியில் கால் வைப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.